ஊகம்

பன்னேருகட்டா சாலை முடிந்து
கடைசி அபார்ட்மெண்ட்டின் விளம்பரப் பலகையும் முடிந்து
தார் மண்ணாகிற இடத்தில் எங்கள் கேட்.
ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை
டார்ச், பதிவேடு, பிளாஸ்டிக் நாற்காலி, நான்.

முதல் கூண்டில் நாட்டுக் குரங்குகள், பதினொன்று.
பாதிக்கு மேல் ஜெயநகர் மொட்டைமாடிகளில் பிடிபட்டவை.
எங்கோ குக்கர் விசில் கேட்டால்
இன்றைக்கும் கம்பிக்கு வந்துவிடும்.
மூத்தவளின் தொடையில் பச்சை குத்திய எண்.
ஏதோ ஆய்வுக்கூடம் மூடியபோது வந்தவள்.
எண்ணைப் படிக்க யாரையும் விடமாட்டாள்.

அடுத்தது முசு.
கரிமுகம், நீள வால், வலது கை தோளோடு இல்லை;
கனகபுரா பக்கம் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கிக்கொண்டது.
இடது கையால் அது புளியந்தளிர் ஆயும் நேர்த்தியைப் பார்த்தால்
இரண்டு கை நமக்கு எதற்கு என்றிருக்கும்.

தகரக் கூரைக்குக் கீழே, சாக்கு மறைத்த பெட்டியில்
தேவாங்கு.
அமாவாசைக்கு முந்தின நாள் துமகூரு பஸ்ஸில்
மஞ்சள் பையிலிருந்து எடுத்தார்கள்.
எதற்குக் கொண்டுபோனார்கள் என்று நஞ்சுண்டி சொன்னான்.
நான் பதிவேட்டில் எழுதவில்லை.

கடைசிக் கூண்டில் இருப்பது
விமான நிலையத்தில், டிராலிப் பெட்டிக்குள்,
சாக்லெட் பொட்டலங்களுக்கு நடுவே மூச்சுவிட்டது.
கருப்பு. வால் கிடையாது. உடம்பைவிட நீளமான கை.
டாக்டர் மெஹ்ஜபீன் வாயில் நுழையாத பேர் ஒன்று சொன்னார்.
தங்கவயல் பள்ளியில், எட்டாம் வகுப்புத் தமிழில்
குரங்குக்கு எத்தனை சொல் என்று கேட்டு
இரண்டு மதிப்பெண் தருவார்கள்:
மந்தி, கடுவன், முசு, ஊகம்.
ஊகம் என்றால் கருங்குரங்கு.
எனவே ஊகம் என்று எழுதினேன்.
எந்தக் காடு, என்ன வயது, யாரைப் பிரிந்தது,
எல்லாமே ஊகம்தான்.

விடிகாலையில் அது பாடும்.
தொண்டை பலூனாகப் புடைக்கும்.
இன்னொரு குரல் எடுக்க வேண்டிய இடத்தில்
நிறுத்திக் காத்திருக்கும்.
கல்குவாரி லாரி ஒன்று கியர் மாற்றும்.
மிச்சத்தையும் தானே பாடப் பார்க்கும்;
வராது.

நஞ்சுண்டி கன்னடம், டாக்டர் தக்கனி,
கூண்டு கழுவுகிற புலின் அஸ்ஸாமி.
எங்களுக்குள் பொதுவாக ஓடுவது
டீ, பைப்பு, சம்பளம்.
இவையாவது ஒன்றோடொன்று ஒரு வார்த்தை பேசியதா
என்று நான் சொல்லித் திரிந்தது தப்பு.

ஜனவரிப் பனி. மணி இரண்டே கால்.
மூத்தவள் கத்தினாள்.
சோற்றுச் சண்டைக் கத்தல் இல்லை,
அடிவயிற்றிலிருந்து கல்லைப் பிடுங்கி எறிந்த மாதிரி.
அது முடியுமுன் முசு இருமியது, வறட்டு இருமல், இரண்டு தடவை;
ஒற்றைக் கையோடு உச்சிக் கம்பியில் இருந்தது.
தேவாங்கு கிளையாகிவிட்டது.
அப்புறம் ஊகம்.
கடல் தாண்டி வந்தது,
இந்த ஊர்க் குரங்கு பாஷை ஒரு எழுத்தும் படிக்காதது,
கூரையைப் பிடித்துத் தொங்கியபடி
வேலியில் ஒரு புள்ளியைப் பார்த்தது.
மற்றவையும் அதே புள்ளியை.

அங்கே உண்ணிச்செடிப் புதர்
ஒருமுறை மூச்சு வாங்கியது.
டார்ச் அடித்தேனா? இல்லை.
அடித்தால் இரண்டு பச்சை விளக்கு எரியும் என்று
எனக்கு யார் சொன்னது?

நினைவு வரும்போது
தண்ணீர்த் தொட்டி ஏணியின் பதினான்காம் படியில் இருக்கிறேன்,
முட்டிவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்.
கம்பிக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில்
ஊகத்தின் முகம்.
என்னைப் பார்த்தது.
அதில் வியப்பே இல்லை.

ஆறு மணிக்கு நஞ்சுண்டி வந்தான்.
பைப்பு ஒழுகும் இடத்துச் சேற்றில் தடம்,
என் உள்ளங்கை அகலம்.
"ஹோய்த்து, இளிது பா எஸ்தரம்மா."
போய்விட்டதாம், இறங்க வேண்டுமாம்.
ஒரு செருப்பு தேவாங்கின் பெட்டியருகே கிடந்தது.
இன்னொன்று காலில்.

பதிவேட்டில்,
மேலே ஏறியவை மொத்தம், என்று தொடங்கி
அடித்துவிட்டு
எல்லாம் நலம் என்று எழுதினேன்.

அன்றைக்கு ஊகம் பாடவில்லை.
பாடும் நேரத்துக்கு முசு மட்டும்
அந்தப் பக்கத்துக் கம்பியோரம் வந்து உட்கார்ந்து
தளிர் ஆய்ந்துகொண்டிருந்தது.